ஒரு மில்லி கடல்

முதல் வரிசையில் இருபத்தொன்று. கையில் அழுத்தி எண்ணுகிற கிளிக்கரில் பார்த்தாலும் இருபத்தொன்று, மனசுக்குள் எண்ணியதிலும் இருபத்தொன்று. இன்னும் பத்தொன்பது வரிசை. வரிசைக்கு ஐம்பது கட்டம், மொத்தம் ஆயிரம் கட்டம், எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு மில்லி தண்ணீர். அந்த ஒரு மில்லியைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, உள்ளே எத்தனை உயிர் என்று எண்ணிச் சொல்வது என் வேலை. ஏழு வருஷமாகச் சொல்கிறேன். கல்யாண வீடுகளில் யாராவது 'ஜெனோவா என்ன வேல பாக்கா' என்று கேட்டால் அம்மா 'கடல் ஆபீஸ்ல' என்று சொல்லிவிட்டுப் பந்தியைப் பார்க்கப் போய்விடுவாள். செத்துப்போன பூச்சியை எண்ணுகிறாள் என்று சொன்னால் சிரிப்பார்களே என்று அவளுக்குக் கூச்சம். பூச்சி இல்லையம்மா, கோப்பிபாட். இறாலுக்கும் பேனுக்கும் பிறந்தது மாதிரி இருக்கும், தலையில் இரண்டு நீளமான மீசை, கடுகை நாலாய் உடைத்தால் அதில் ஒரு துண்டு அளவு. இதைத் தின்றுதான் சாளை மீன் வளர்கிறது, சாளையைத் தின்றுதான் நீயும் நானும் வளர்ந்தோம். சொன்னால் 'அப்படியா' என்பாள். இரண்டாம் வரிசை. இருபத்திரண்டு, இருபத்திமூன்று. இன்றைக்கு நான் எண்ணுவது இந்த மாதத்துக் கடல் இல்லை, பதினோரு வருஷத்துக்கு முந்தைய கடல். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த மாசிலாமணி சார் எண்ணி முடித்து, அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போன புட்டி. எங்கள் ரிப்போர்ட்டைப் படித்துப் பார்க்கிற யாரோ ஒருவர், பெயர் கூடத் தெரியாது, அப்படித்தான் வழக்கமாம், ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார். உங்கள் கடலில் கோப்பிபாட் பாதியாகக் குறைந்தது என்கிறீர்கள், கடல் சூடாகிப்போனதுதான் காரணம் என்கிறீர்கள், சரி, ஆனால் எண்ணுகிற ஆள் மாறிய அதே வருஷத்தில்தானே குறையவும் ஆரம்பித்திருக்கிறது, இது கடலின் குறையா, எண்ணுகிறவரின் குறையா. எண்ணுகிறவர் என்றால் நான்தான். வசுமதி மேடம் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியபோது என் காது மடல் சுட்டது. 'மனசுல வச்சுக்காதீங்க ஜெனோவா, நியாயமான கேள்விதான். மாசிலாமணி சாரோட பழைய புட்டி ஒண்ணை நீங்க எண்ணுங்க. அவர் எழுதின எண்ணை நான் உங்களுக்குக் காட்ட மாட்டேன். ரெண்டும் ஒத்து வந்தா பிரச்சினை முடிஞ்சது' என்றார். நோட்டைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னார். இப்போது பதினொன்று ஐந்து.

அவர் நினைத்துக்கொண்டிருப்பது, எண் ஒத்து வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக. நான் வேண்டிக்கொள்வது வேறு. மாதாவே, என் கண் சரியில்லாமல் இருக்கட்டும். மாசிலாமணி சாருக்கு ஒரு தட்டில் எப்போதும் நானூறுக்குப் பக்கத்தில் வரும், எனக்கு இருநூறுக்குப் பக்கத்தில் வரும். இந்தத் தட்டிலும் எனக்கு இருநூறு வந்தால் போதும், ஏழு வருஷமாகப் பாதியைப் பார்க்காமல் விட்டவள் நான் என்று ஆகிவிடும். என்னை வேலையை விட்டு அனுப்பட்டும். பேப்பரில் கூடப் போடட்டும். கடலில் எல்லாம் அப்படியே இருக்கிறது, இந்த முண்டத்துக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று ஊரே காறித் துப்பட்டும். மூன்றாம் வரிசை முடிந்தது, அறுபத்தொன்று. ஏனென்றால் என் வீட்டுக்காரர் கஸ்பாருக்கு நான் மூன்று மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார், முகத்தைப் பார்க்காமல் கேட்டார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. 'ஏட்டி ஜெனோ, ஓமன் ஆள் இன்னைக்கு மூணு மணிக்கு வாரான். பாஸ்போட்ட வாங்கிட்டுப் போயிருவான். நீ கண்ணாடில பாத்துச் சொல்லு. கடல்ல இருக்குன்னா நான் இருக்கேன். இல்லன்னா போறேன்.' ஓமன் படகுகளுக்கு ஆள் எடுக்கிற இதே ஆள் போன வருஷமும் வந்தான். போன வருஷமும் இதே கேள்விதான். அப்போது நான் பெரிய படித்தவள் மாதிரி 'பாதி இருக்குங்க. பாதி இருந்தா மறுபடி பெருகி வந்துரும். ஒரு வருசம் பொறுங்க' என்று சொன்னேன். அவர் பொறுத்தார். கூடப் பிறந்தவனே 'பொண்டாட்டி பேச்சக் கேட்டு ஒக்காந்திருக்கான்' என்று சொன்னதையும் பொறுத்தார். ஒரு வருஷம் முழுக்க, விடியுமுன்னே படகை இறக்கி, வெறும் வலையோடு திரும்பி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பொறுத்தார். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது. ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கிறது. பதினோரு வருஷம் ஃபார்மலினில் கிடந்தும் இதுகள் அப்படியே இருக்கின்றன, மீசை முறியாமல், வால் முடி கூட உதிராமல். நிறம் மட்டும் வெளுத்துவிட்டது. எண்பது. இது கொஞ்சம் பெரியது. இந்தப் பெரிய சாதியை நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. இப்போதெல்லாம் வலையில் வருவது சின்னச் சாதிதான், நண்டும் சிண்டுமாக. கடல் மேல்தண்ணீர் சுட்டுப்போனால் பெரியதெல்லாம் முதலில் போகும், சின்னது தாக்குப்பிடிக்கும். போன மாதம் நாங்கள் தண்ணீர் எடுக்கிற மூன்றாம் இடத்தில், தீவுக்கு வெளியே, ஏழு பாகம், அதாவது ஏழு ஆள் ஆழத்தில், நான் படகில் இருந்து கையை விட்டேன். வெந்நீர்ப் பானையில் கைவிட்டது மாதிரி இல்லை, அவ்வளவு இல்லை, பிள்ளையைக் குளிப்பாட்டப் பதம் பார்த்து வைத்திருக்கிற தண்ணீர் மாதிரி இருந்தது. கடல் அப்படி இருக்கக்கூடாது. முப்பத்தொன்று புள்ளி எட்டு என்று காட்டியது கருவி. படகோட்டி சிரித்தான், 'சோப்பு கொண்டாந்திருக்கலாம்க்கா' என்றான். நானும் சிரித்தேன். எங்கே இருந்தேன்? ஐந்தாம் வரிசை, நடுவில். எண்பத்தேழா, எண்பத்தெட்டா? கிளிக்கர் எண்பத்தெட்டு காட்டுகிறது. ஆனால் கடைசியாகப் பார்த்ததற்கு அழுத்தினேனா, இல்லை அழுத்தப் போகும்போதுதான் சோப்பு ஞாபகம் வந்ததா? இதுதான், இப்படித்தான், இப்படித்தான் ஏழு வருஷமும் விட்டிருப்பேன். சந்தோஷமாகக் கூட இருக்கிறது. வரிசையின் ஆரம்பத்துக்குத் திரும்பிப் போகிறேன். எழுபத்தொன்பதில் இருந்து, மெதுவாக, விரலால் இல்லை, உதட்டால். எண்பத்தெட்டு. சரியாகத்தான் அழுத்தியிருக்கிறேன். சனியன்.

கஸ்பாருக்கு நான் ஒருநாள் சொல்லிக் கொடுத்தேன், கட்டிய புதிதில். மேலே சூட்டுத் தண்ணீர் ஒரு மூடி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது, அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே வர முடியவில்லை, அந்த அடித்தண்ணீரில்தான் சத்தெல்லாம் இருக்கிறது, அது வந்தால்தான் கண்ணுக்குத் தெரியாத பாசி வளரும், பாசி வளர்ந்தால்தான் கோப்பிபாட், அது இருந்தால்தான் சாளை. முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார், 'இத எங்கப்பா ஒரே வரில சொல்லுவாரு. தண்ணி கலங்காம மீனு இல்ல.' எனக்கு அன்றைக்கு ரோஷம் வந்தது. ஒரு படிப்பு படித்து, பரீட்சை எழுதி, வேலைக்கு வந்து, வரி வரியாகப் பேசினால் மனுஷன் ஒரே வரியில் மடக்கிவிடுகிறார். ஆனால் போன வருஷம் மார்கழியில் கடல் பச்சையாகிக் கரைக்கு வந்தபோது அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பூங்கோரை. எப்போதாவது வரும், இரண்டு நாளில் போய்விடும், அந்தத் தடவை ஒன்பது நாள் கிடந்தது. அலை பாசியாகவே அடித்தது. மீன் செத்து மல்லாந்து, ஊளி, கிளி, பாறை என்று எல்லா மீனும் கலந்து, நாற்றம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். 'பாதி இருக்குன்னியே' என்று மட்டும் கேட்டார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார், எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் அப்போதும் சொன்னேன், 'இது வேறங்க, இது பாசி, நான் எண்ணுறது வேற.' என்ன வேற. எல்லாம் ஒரே சூடுதான். நூற்று ஐம்பத்தெட்டு. எட்டு வரிசை முடிந்துவிட்டது. என்னையறியாமல் எண்ணியிருக்கிறேன். விரல் தானாக அழுத்துகிறது, கண் தானாக நகர்கிறது. ஏழு வருஷப் பழக்கம்.

ஒன்பதாம் வரிசைக்கு நகர்த்தும்போது தட்டு அரைக் கட்டம் கூட நகர்ந்துவிட்டது. திருகைப் பின்னால் திருப்பி நேராக்கினேன். தங்கச்சி புருஷன் போனதும் ஓமனுக்குத்தான், இரண்டு வருஷம் என்று போனான், நாலு வருஷம் ஆகிறது. யாரோ அடுத்த நாட்டு எல்லைக்குள் வலை போட்டார்கள் என்று படகோடு பிடித்து வைத்து, ஏழு மாதம் என்ன ஆனான் என்றே தெரியவில்லை. பிறகு வெளியே விட்டார்கள், ஊருக்குத்தான் இன்னும் வரவில்லை. அவள் ஒருநாள் அரிசி களைந்துகொண்டே என்னிடம் சொன்னாள், 'அவிய கொறட்ட விடுற சத்தம் எப்படி இருக்கும்னு மறந்து போச்சுக்கா. யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், வர மாட்டேங்கு.' சொல்லிவிட்டு அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் தெளிந்த பிறகும். அன்றைக்கு ராத்திரி கஸ்பார் குறட்டை விட்டபோது நான் எழுப்பித் திரும்பிப் படுக்கச் சொல்லவில்லை. நூற்று எண்பத்தொன்று. எண்பத்திரண்டு. கஸ்பார் தண்ணீருக்குப் பயப்படாதவர், அதுதான் பயம். பயப்படுகிறவர்கள் திரும்பி வருகிறார்கள். நூற்றுத் தொண்ணூறு. மாதாவே, இந்தப் பத்தாம் வரிசை காலியாக இருக்கட்டும், ஒரு குப்பை, ஒரு செதில், ஒரு குமிழி, வேறு எதுவும் வேண்டாம். தொண்ணூற்று மூன்று, நான்கு. இரண்டு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒன்றா இரண்டா? ஒன்று என்று எண்ணிவிட்டால் என்ன? யார் பார்க்கப்போகிறார்கள்? இல்லை, நாலு மீசை தெரிகிறது. ஐந்து, ஆறு. ஏழு. பாதித் தட்டு முடிந்தது. நூற்றுத் தொண்ணூற்றேழு.

பாதித் தட்டிலேயே நூற்றுத் தொண்ணூற்றேழு. இந்த மாதத்துப் புட்டியில் முழுத்தட்டுக்கும் எனக்கு வந்தது நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அப்படியானால் என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தால் பார்க்கிறது, இல்லாததால் பார்க்கவில்லை. கண்ணை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு பழைய காலண்டர், மாதம் கிழிக்கவில்லை. போன் மேசையில் கிடந்து உறுமியது. கஸ்பார். எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது, பாதித் தட்டுதான் ஆகியிருக்கிறது, மீதிப் பாதியில் ஒன்றுமே இல்லாமல் போகலாம், பொறுங்கள் என்றா? மறுபடியும் பொறுங்கள் என்றா? மீதியையும் எண்ணித்தான் ஆக வேண்டும். இன்றைக்கு மட்டும் எண்ணத் தெரிந்தவளாக இருந்து என்ன புண்ணியம். எண்ணத் தெரியாதவளாகவும் ஒரு காலத்தில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று மாதம். தொண்ணூற்றேழு, நூற்றிரண்டு, தொண்ணூற்று நான்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த மூன்று எண்களைச் சொல்வேன். மாசிலாமணி சாருக்கு நானூறு வந்த இடத்தில் எனக்கு வெறும் நூறு. அப்போது இருந்த பெரிய சார், பிறகு வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார், தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். 'ஏம்மா, முக்காவாசியை விட்டுட்டியா? கை பழகலை உனக்கு' என்றார். மூன்று மாதத்தையும் சிவப்புப் பேனாவால் அடித்தார். ரிப்போர்ட்டில் இன்றைக்கும் அந்த மூன்று மாதம் வெற்றிடமாகத்தான் இருக்கும், பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, கீழே சின்ன எழுத்தில் 'பயிற்சிக் காலம்' என்று. நாலாம் மாதம் நூற்றுத் தொண்ணூற்றாறு வந்தது. 'இப்பதான் கை படிஞ்சிருக்கு' என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் அழுதேன், நிம்மதியில். இருநூற்று முப்பத்தைந்து. பன்னிரண்டு வரிசை.

இருநூற்று ஐம்பத்தெட்டு. என் பார்வை அடிக்கடி பக்கத்து அலமாரித் தட்டுக்குப் போகிறது, ஏன் என்று தெரியவில்லை. அங்கே ஒன்றும் இல்லை. மாசிலாமணி சாரின் புட்டியும், அதற்குப் பக்கத்தில் இந்த மாதத்து என் புட்டியும். இரண்டும் ஒரே அளவுப் புட்டி, ஒரே கண்ணாடி. அவருடையது கழுத்து வரைக்கும் நிறைந்து நிற்கிறது. என்னுடையது பாதி. இருநூற்று அறுபது. அவர் நூறு மில்லிக்கு நிரப்பியிருக்கிறார். நான் ஐம்பது மில்லிக்கு. ஆமாம், நான் ஐம்பதுக்குத்தான் வைப்பேன், என்றைக்கும் ஐம்பதுதான், வலையில் வந்ததை வடிகட்டி, தண்ணீரைக் குறைத்து, ஐம்பதுக்குக் கொண்டுவந்து, அதில் ஒரு மில்லி எடுப்பேன். என்றைக்கும் என்றால்? என் கை திருகில் நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் மாசிலாமணி சார் போட்டு வைத்துவிட்டுப் போன கணக்கு இருக்கிறது. தட்டில் வந்த எண்ணை அடித்தால் போதும், அதுவே நூறால் பெருக்கிக்கொள்ளும், புட்டியில் நூறு மில்லி இருக்கிறது என்ற எண்ணத்தில். நூறு! என் புட்டியில் நூறு எங்கே இருக்கிறது! ஐம்பதுதானே இருக்கிறது! பாதி. பாதி. கிடைத்துவிட்டது. இதோ என் தப்பு. நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன். அவர் நூறு வைத்தார், நான் பாதி வைத்தேன், எண் பாதியானது, கடல் பாதியாகவில்லை. கடல் அப்படியே இருக்கிறது. ஏழு வருஷம் எல்லோரையும் பயமுறுத்திய கழுதை நான்தான். போனை எடுத்தேன், கஸ்பார் பெயரைத் தேடினேன், 'இருங்க, எங்கயும் போகாதீங்க, எல்லாம் என் கிறுக்குத்தனம்' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது, அது ஃபார்மலினாகக் கூட இருக்கலாம்.

அழுத்தவில்லை. எதனால் அழுத்தவில்லை என்றால், கணக்கு இன்னொரு தடவை மனசுக்குள் ஓடிப்போய் நின்ற இடம் சரியாக இல்லை. தண்ணீர் பாதியானால் எண் எப்படிக் குறையும்? சாம்பார் வற்றிப்போனால் கரண்டிக்குப் பருப்பு குறைவாகவா வரும்? கூடத்தானே வரும். பாதியாக வற்றினால் ஒரு கரண்டியில் இரண்டு கரண்டிப் பருப்பு. இல்லை, பொறு, அவசரப்படாதே, நான் ஏதோ தலைகீழாகப் போடுகிறேன். ஐம்பது மில்லியில் ஒரு மில்லி எடுத்தேன், அதில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அப்படியானால் புட்டியில் மொத்தம் அதைப் போல ஐம்பது மடங்கு. கம்ப்யூட்டர் நூறு மடங்கு என்று போட்டுக்கொண்டது. ஒன்றை இரண்டாகக் காட்டியிருக்கிறது. திரும்பப் போட்டேன், ஒரு தாளில், பென்சிலால். விரல் விட்டும் பார்த்தேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. எந்தப் பக்கம் இருந்து போட்டாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. பாதி இல்லை. நாங்கள் பாதி என்று சொன்னதே இரண்டு மடங்கு. இருப்பது கால். என்றைக்கு ஐம்பதுக்கு மாறினேன்? யாரும் மறைக்கவில்லை, கேட்டுத்தான் செய்தேன். 'சார், ரொம்ப நீர்த்துக் கிடக்கு, தட்டுல எண்ணுறதுக்கே ஒண்ணும் கெடைக்கல, ஐம்பதுக்கு வத்த வச்சுக்கட்டுமா' என்று பெரிய சாரிடம் கேட்டேன். 'வச்சுக்கோ, எழுதி வை' என்றார். எழுதி வைத்தேன், புட்டிக்குள் போடுகிற சீட்டில், பென்சிலால், ஒவ்வொரு மாதமும் '50' என்று. கம்ப்யூட்டரில் அதை எழுத ஒரு இடம் இல்லை, அதனால் அங்கே எழுதவில்லை. கேட்டது நாலாம் மாதம். கை படிந்தது என்று டீ வாங்கிக் கொடுத்தாரே, அதே மாதம், அதே வாரம். கை படியவில்லை. தண்ணீர்தான் குறைந்தது. அதற்கு முன்னால் மூன்று மாதமும் நான் நூறு மில்லிதான் வைத்தேன், மாசிலாமணி சார் வைத்தது போலவே, அவர் எண்ணியது போலவே. தொண்ணூற்றேழு, நூற்றிரண்டு, தொண்ணூற்று நான்கு. சிவப்புப் பேனாவால் அடித்த அந்த மூன்று மாதம் மட்டும்தான் நான் நிஜத்தைச் சொல்லியிருக்கிறேன். கடலில் குறைந்ததை நான் புட்டியில் தண்ணீரைக் குறைத்து நிரவிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏழு வருஷம். போன வருஷம் அவரிடம் 'பாதி இருக்குங்க' என்றேனே.

உட்கார்ந்து மீதி வரிசைகளை எண்ணினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. விட்ட இடம் இருநூற்று அறுபது, பதினான்காம் வரிசையின் ஆரம்பம். அலமாரியில் இருந்து என் பழைய புட்டிகள் நாலைந்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் செய்தேன், எங்காவது ஒரு சீட்டில் 100 என்று இருந்துவிடாதா என்று. 50. 50. 50. என் கையெழுத்து அழகாக இருந்தது. பிறகு மறுபடியும் கண்ணை வைத்தேன். பயம் என்று சொல்ல முடியாது, பயம் காலையில் இருந்தது, இப்போது ஒரு நிதானம். முந்நூற்று முப்பத்து மூன்று. பெரிய சாதி ஒன்று, முட்டைப் பையோடு. இரண்டு பக்கமும் திராட்சைக் கொத்து மாதிரி முட்டை சுமந்துகொண்டு பதினோரு வருஷமாக நிற்கிறது. பெருகி வந்துரும் என்று இதை நம்பித்தான் சொன்னேன். சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், வந்தது. எண் ஒத்துப்போகும், மேடம் சந்தோஷப்படுவார், ரிப்போர்ட் அச்சாகும், பாதி என்றே இருக்கட்டும், பாதி போதாதா பயப்பட? என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கஸ்பாரும் இருந்துவிடுவார். விடியுமுன்னே எழுந்து போவார், திரும்பி வருவார், பக்கத்தில் படுப்பார். கால் பங்கு கடலில் எத்தனை வருஷம் போய்த் திரும்புவார்? முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. இருபது வரிசையும் முடிந்தது.

மேடம் ஒரு மணிக்கு முன்னாடியே வந்துவிட்டார், நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. 'எவ்வளவு?' என்றார். சொன்னேன். நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார், முகமெல்லாம் சிரிப்பு. மாசிலாமணி சாரின் சாய்ந்த எழுத்தில் முந்நூற்று எண்பத்தெட்டு. 'மூணுதான் வித்தியாசம் ஜெனோவா! மூணே மூணு! உங்க கண்ணைச் சந்தேகப்பட்டவருக்கு இன்னைக்கே பதில் எழுதறேன்' என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். நான் இரண்டு புட்டியையும் எடுத்து மேசையில் வைத்தேன். 'மேடம், இது நூறு. இது ஐம்பது. கம்ப்யூட்டர் ரெண்டையும் நூறுன்னு பெருக்குது. தப்பு என்னோடது' என்றேன். சிரிப்பு அப்படியே நின்றது. 'அப்போ குறையவே இல்லையா? நாம சொன்னது பொய்யா?' என்று கேட்டார், எனக்கு வந்த அதே தலைகீழ் நினைப்பு அவருக்கும் வந்தது, அவர் முகம் வெளுத்தது. நான் பென்சிலை அவரிடம் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். அடித்துவிட்டு இன்னொரு தடவை போட்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, 'அந்த மூணு மாசம்?' என்றார். 'அதுதான் சரி மேடம்' என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நட்சத்திரம் போட்ட அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன் மறுபடியும் உறுமியது. மேடம் தலையாட்டினார், நான் வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். வெயில் கண்ணைக் குத்தியது. 'எத்தன தடவ அடிக்கது? ஆளு முன்னாடியே வந்துட்டான், இந்தா எதுக்கதான் நிக்கான்' என்றார் கஸ்பார். பின்னால் யாரோ பேசுகிற சத்தம், ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். 'பாத்தியா? பாதி இருக்கா?' என்றார். 'பாதி இல்லங்க' என்றேன். 'கால்தான் இருக்கு. போன வருசமே கால்தான் இருந்திருக்கு. நான்தான் ஒங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன்.' பிறகு கஸ்பார் கேட்டார், ரொம்ப மெதுவாக, பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பது போல, 'ஏட்டி, நீ எண்ணுனதுல எங்கயாவது பெசகு இருக்கும்லா? இன்னொரு வாட்டி பாரேன்.' காலையில் இருந்து நான் மாதாவிடம் கேட்டதைத்தான் அவர் என்னிடம் கேட்டார். 'பெசகு இருந்துச்சுங்க' என்றேன். 'அதத்தான் இப்ப சரி பண்ணிட்டேன். பாஸ்போட்டக் குடுத்துருங்க.'